போர் விமானமும் 70 வெள்ளியும்

நமது தோட்டத்தில் திருவிழா வசூலுக்கு வருகிறவர்கள் நம்முடைய வீட்டு வாசற்படியில் கால் வைக்கச் சிறிது தயங்குவது வழக்கம். வாணவேடிக்கைக்கும் கூத்துக்கும் இவன் காசு தரமாட்டான், பள்ளிக்கூடத்து வாசகசாலைக்கென்றால் மறுக்கமாட்டான் என்பது தோட்டம் முழுவதும் அறிந்த சங்கதி. அத்தகைய நாம், 2009-ஆம் ஆண்டில் கிராணி வேலைக்கு வந்து கைநீட்டி வாங்கிய முதல் மாதச் சம்பளத்திலிருந்து 70 வெள்ளியை எடுத்து, 20 அமெரிக்க டாலராக மாற்றி, டெக்சாஸ் மாகாணத்துக்கு அனுப்பி வைத்தோம். எதற்காக? பழுதாகிப் பறக்க முடியாமல் நின்றுவிட்ட ஒரு பழைய போர் விமானத்துக்கு வேறு இஞ்சின் பூட்டுவதற்காக!

பாங்கிச் சீட்டு நமது மேசைமீது கிடந்ததைப் பெரிய கிராணியார் பார்த்துவிட்டார். அந்த மாதந்தான் அம்மன் கோயில் தேருக்குச் சக்கரம் மாற்ற 5 வெள்ளி கேட்டு அவர் வந்திருந்தார். நாம் நீண்ட பிரசங்கம் ஒன்று செய்து அவரை வெறுங்கையோடு அனுப்பியிருந்தோம். "தம்பி, எங்கள் தேர் ஓடினால் மூடப்பழக்கம், வெள்ளைக்காரன் தேர் பறந்தால் பகுத்தறிவோ?" என்று அவர் கேட்டார். அன்று நாம் சொன்ன விடை ஒன்றும் உருப்படியாக இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியே இதை எழுதுகிறோம். முழுதும் கிட்டிற்று என்று சொல்வதற்கில்லை.

விமானம் இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கர் கட்டிய பி-29 என்னும் பெருங்குண்டு விமானங்களுள் ஒன்று அது. அவ்வகையில் ஏறக்குறைய 4,000 விமானங்கள் கட்டப்பட்டன. அணுகுண்டைச் செய்வதற்கு ஆன செலவைவிட, அதைச் சுமந்து சென்ற இந்த விமானத்தை ஆக்குவதற்கே அதிகம் செலவாயிற்று. சுமார் 300 கோடி டாலர் என்று கணக்குச் சொல்கிறார்கள். காலப்போக்கில் இவற்றுள் மிகப் பெரும்பாலானவை உடைத்து உருக்கப்பட்டன. நாம் சந்தா அனுப்பிய விமானம் 1945-இல் கட்டப்பட்டது. போர்முனையைக் கண்டதே இல்லை. பின்னாளில் கலிபோர்னியாவில் சைனா லேக் என்னும் பாலைவனத்தில், கடற்படையார் குண்டெறிந்து பழகுவதற்கு இலக்காக நிறுத்தப்பட்ட பழைய விமானங்களோடு ஒன்றாக வெயிலில் கிடந்தது. பழைய போர் விமானங்களைக் காக்கும் டெக்சாஸ் சங்கத்தார் ஒருவர் அதைக் கண்டு சொல்ல, ஆட்கள் போய் அங்கேயே பழுது பார்த்து, 1971 ஆகஸ்டு மாதத்தில் டெக்சாஸுக்குப் பறக்கவிட்டே கொண்டு வந்து சேர்த்தார்கள். அதற்கு 'ஃபிஃபி' என்று பெயர். பொருளுதவி புரிந்த ஓர் அன்பருடைய மனைவியாரின் செல்லப் பெயராம்.

இனி இஞ்சின். நம்மைக் கவர்ந்தது விமானமன்று, இந்த இஞ்சின்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரைட் கம்பெனியார் செய்த இதற்குப் பெயர் ஆர்-3350. அதன் சிலிண்டர்களின் கொள்ளளவு 3,350 கன அங்குலம். அந்த எண்ணே பெயராயிற்று. 18 சிலிண்டர்கள், ஒன்பது ஒன்பதாய் வட்டமாக, இரண்டு வரிசைகளில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். ஒவ்வோர் இஞ்சினும் 2,200 குதிரைச் சக்தி. விமானத்துக்கு இஞ்சின் நான்கு. நமது தோட்டத்து ஆலை இஞ்சினைப்போல் தண்ணீரால் குளிர்விப்பதன்று. எதிர்க்காற்றே அதற்குத் தண்ணீர். அங்கேதான் வந்தது வினை. முன்வரிசை ஒன்பது சிலிண்டர்களும் குளிர்ந்த காற்றை வாங்கிக்கொள்ளும். அவற்றைச் சுற்றி வந்து சூடேறிய காற்றே பின்வரிசைக்குக் கிடைக்கும். முதற்பந்தியார் உண்டெழுந்த பிறகு இரண்டாம் பந்திக்கு அடிச்சட்டியில் எஞ்சுவதைப்போல! பின்வரிசை வால்வுகள் வெந்து தெறிக்கும், தீப்பற்றும். பாரம் குறைக்க வேண்டி இஞ்சின் கூட்டின் பகுதிகளை மக்னீசியம் கலந்த உலோகத்தால் வார்த்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் மக்னீசியத் துண்டு ஒன்றை விளக்கில் காட்டிய ஆசிரியர், "கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்று சொன்னது வாசகர் பலருக்கும் நினைவிருக்கும். அந்த உலோகம் இறக்கைக்குள் எரிந்தால் என்னவாகும்?

என்னவாகும் என்பது 1943 பிப்ரவரி 18-ஆம் தேதி தெரிந்தது. எடி ஆலன் என்னும் புகழ்பெற்ற பரிசோதனை விமானி சியாட்டில் நகருக்கு மேல் இந்த விமானத்தின் இரண்டாவது மாதிரியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இஞ்சின் தீப்பற்றி இறக்கைக்குப் பரவியது. விமானம் ஓர் இறைச்சிப் பதனிடும் ஆலையின்மீது விழுந்தது. விமானத்திலிருந்த 11 பேரும், ஆலையில் வேலை செய்துகொண்டிருந்த 20 தொழிலாளரும், தீயணைக்க வந்த ஒருவரும் மாண்டனர். ஆகவே இந்த இஞ்சின் பகைவனைத் தொடுமுன்னரே தன் நாட்டுத் தொழிலாளரைத் தின்றுவிட்டது. யுத்த அவசரத்தில் அதைத் தீரத் திருத்துவதற்கு நேரமில்லை, திருத்திக்கொண்டே பறந்தார்கள்.

இத்தகைய இஞ்சினைக் கட்டிக்கொண்டு ஃபிஃபி 2006 வரை காலந்தள்ளியதே வியப்பு. நமது ஆலையில் ஒரு பிட்டர் இருந்தார். காலையில் இஞ்சினிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயை எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்த்து வெளிச்சத்தில் பார்ப்பார். மினுமினுப்புத் தெரிந்தால் "உள்ளே எதையோ கடித்துத் துப்புகிறது" என்பார். அன்று ஆலை ஓடாது. விமான மெக்கானிக்குகள் செய்வதும் இதுவே. அவர்கள் விரலுக்குப் பதிலாக வடிகட்டியை நம்புகிறார்கள். பழைய இஞ்சின்களை இனி நம்ப முடியாதென்று 2006-இல் ஃபிஃபியைத் தரையிறக்கி நிறுத்திவிட்டார்கள். அவற்றைப் பழுது பார்த்துப் பயனில்லை என்று கண்டு, அதே இஞ்சின் குடும்பத்தில் பிற்காலத்தே செய்யப்பட்ட இரண்டு வகைகளின் பாகங்களை ஒன்றாக இணைத்து, நான்கு புது இஞ்சின்களை உருவாக்கத் தீர்மானித்தார்கள். அவற்றைப் பூட்டுவதற்கு இறக்கையிலுள்ள தாங்கிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. 30 லட்சம் டாலருக்கு மேல் செலவு. விமானக் காட்சிசாலை நடத்திய செல்வர் ஒருவர் 12 லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தார். மற்றதற்கு உலகத்தின் முன் கையேந்தினார்கள். ஏந்திய கையொன்றில் நமது 20 டாலர் விழுந்தது.

ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு! ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் நான்கு இஞ்சினுக்கும் 144 ஸ்பார்க் பிளக்குகள் வேண்டும். அவற்றுள் ஒன்றில் ஒரு மூலையாவது நம்முடையதாயிருக்கும் என்று அன்று மகிழ்ந்திருந்தோம்.

அந்த மகிழ்ச்சி பாட்டியார் காதுக்குச் சங்கதி எட்டும் வரைதான் நீடித்தது.

பாட்டியாருக்கு அப்பொழுது 73 வயது. எழுத்தறியாதவர், ஆனால் கணக்கில் நம்மைத் தோற்கடிப்பவர். தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வருமுன் கோலாலம்பூர்ச் செந்தூலில், ரயில்வே லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தகப்பனார் செந்தூல் ரயில்வே பட்டறையில் கொல்லுலையில் சம்மட்டி அடித்தவர். நாம் விமானத்தின் படத்தைக் காட்டினோம். வெள்ளி நிற உடல், நீண்ட இறக்கை, நான்கு இஞ்சின், கண்ணாடி மூக்கு. பாட்டியார் நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கா அய்யா காசு அனுப்பினே?"

"ஆமாம், பாட்டி."

"இது எங்க தலைமேலே வந்ததுடா."

அதற்கு மேல் அன்று அவர் பேசவில்லை. மீதியை வெவ்வேறு நாட்களில், வெற்றிலை இடிக்கும்போதும் கீரை ஆயும்போதும் சிறிது சிறிதாகச் சொன்னார். ஜப்பான்காரன் காலம், மாசி மாதம், பகல்வேளை. முதலில் சத்தந்தான் வந்ததாம். வானத்தில் ஒன்றும் தெரியாமலே தகரக் கூரையும் அடுக்கிய பாத்திரங்களும் நடுங்கினவாம். தாயார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கிப் படுத்தார். சாயங்காலம் வரையில் பட்டறைப் பக்கம் புகை நின்றது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், 14 வயதுப் பையன், தகப்பனாருக்குச் சோறு கொண்டுபோனவர், திரும்பவில்லை. பாட்டியாருடைய தகப்பனார் மறுநாள் காலையில் வந்தார். உடம்பில் ஒரு காயமுமில்லை. ஆனால் இடக்காது அன்றோடு போயிற்று. சாகும்வரையில் யார் பேசினாலும் முகத்தைத் திருப்பி வலக்காதைத்தான் காட்டுவாராம்.

ஆங்கிலம் படித்த நாம் புத்தகங்களைப் புரட்டினோம். பாட்டியார் சொன்னவை அச்செழுத்தில் இருந்தன. வங்காளத்துக் கரக்பூர் வட்டாரத்திலிருந்து கிளம்பிய பி-29 விமானங்கள் 1944 நவம்பர் 5-இல் முதன்முதலாகச் சிங்கப்பூரின் கடற்படைத் துறைமுகத்தைத் தாக்கின. 1945 பிப்ரவரி 19-ஆம் தேதியும், மார்ச் 10-ஆம் தேதியும் கோலாலம்பூர் ரயில்வே பட்டறையைத் தாக்கின. இரண்டும் மாசி மாதமே. முன்னது திங்கள், பின்னது சனி. பாட்டியார் கண்டது எந்த நாள் என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. ஜப்பானியருடைய ரயில்கள் ஓடாமற் செய்வதே நோக்கமென்று அந்தப் புத்தகங்களில் எழுதியிருந்தது. எத்தனை விமானம் வந்தது, எத்தனை சதவிகிதக் கட்டடம் இடிந்தது என்றெல்லாம் எழுதியிருந்தது. சோறு கொண்டுபோன பையன்களைப் பற்றி நாம் புரட்டிய எதிலும் ஒரு வரியில்லை.

ஒரு சங்கதி நம்மை வெகுநாள் வாட்டியது. மார்ச் 10-ஆம் தேதி விழுந்த குண்டுகளுள் சில குறிதவறிச் சிலாங்கூர் மியூசியத்தின்மீது விழுந்து அதை அழித்தன. முன்னோர் சேர்த்து வைத்த பண்டங்கள் எரிந்தன. 1963-இல் திறக்கப்பட்ட தேசிய மியூசியம் அந்த இடத்திலேயே எழுந்தது. ஆக, நமது நாட்டு மியூசியத்தை எரித்த இயந்திரம் தன் நாட்டில் தானே ஒரு மியூசியப் பொருளாகிவிட்டது. அதைக் காப்பாற்ற நாம் பணம் அனுப்பியிருக்கிறோம்!

பெரிய கிராணியாருடைய கேள்வி இப்போது வேறு முகத்தோடு வந்து நின்றது.

அந்தச் சங்கத்தின் சரித்திரத்தையும் துருவிப் பார்த்தோம். நமக்குப் பிடிக்காத சில இருந்தன. சங்கம் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'கன்பெடரேட் ஏர் போர்ஸ்'. விளையாட்டாக வைத்தார்களாம். கறுப்பு மக்களை அடிமைகளாய் வைத்திருந்த, அந்த உரிமைக்காகவே 1861-இல் யுத்தத்தில் இறங்கிய தென்மாகாணங்களின் பெயர் அது. சாதிப் பெயரை விளையாட்டென்று சுமப்பவர்களை நாம் நமது சமூகத்திலும் கண்டிருக்கிறோம். 2002-இல் அந்தப் பெயரை விட்டுவிட்டு 'கமெமரேட்டிவ் ஏர் போர்ஸ்', அதாவது நினைவு போற்றும் விமானப்படை என்று மாற்றிக்கொண்டார்கள். தாமதமாயினும் நல்லதே. மற்றொன்று அவ்வளவு எளிதாக மறக்கத்தக்கதன்று. 1976 அக்டோபரில் ஹார்லிங்கன் நகரத்தில் நடந்த விமானக் காட்சியில், ஹிரோஷிமாவில் குண்டு போட்ட பால் திபெட்ஸ் அவர்களையே இந்த ஃபிஃபியை ஓட்டச் செய்து, தரையில் வெடி வைத்துக் காளான் வடிவப் புகையெழுப்பி, வேடிக்கை காட்டினார்கள். ஜப்பானியர் மனம் கொதித்தனர். அமெரிக்க அரசாங்கம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. பிணக்குவியலை வாணவேடிக்கையாக்கிய அந்தக் காட்சியை நினைக்கும்போது, நமது அம்மன் கோயில் வாணவேடிக்கை பாவமற்றதாகவே தோன்றுகிறது.

அப்படியானால் அந்த இஞ்சினைச் சாகவிட்டிருக்க வேண்டியதுதானா? இங்கேதான் நாம் திடமாக ஒரு பக்கம் நிற்க முடியாமற் போகிறோம். பாட்டியாருடைய தாய்மாமன் ஒருவரைச் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் நமது தோட்டத்துத் தமிழர் ஆயிரமாயிரமாய் மாண்டார்கள்; அவரும் திரும்பவில்லை. அவரைக் கொண்டுபோனவனை ஓட்டிய படைகளுள் ஒன்று, பாட்டியாரைச் சாக்கடைக்குள் படுக்க வைத்த இந்த விமானப்படையுமாகும். இதை நன்றியென்று சொல்வதா, வஞ்சினமென்று சொல்வதா? பாட்டியாரைக் கேட்டோம். "ரெண்டு பேரும் எங்களைக் கேட்டுக்கிட்டா வந்தாங்க?" என்றார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இத்தகைய இயந்திரங்களைப் பிழைக்க வைக்கப் பாடுபடுகிறவர்களைப் பணக்கார விளையாட்டுக்காரரென்று எளிதாக ஒதுக்க முடியவில்லை. 1947-இல் கிரீன்லாந்துப் பனியில் இறங்கிப்போன 'கீ பேர்ட்' என்னும் பி-29 ஒன்றை மீட்க ஒரு சிறு கூட்டம் 1994-இல் புறப்பட்டது. பனிவெளியில் கூடாரமடித்து நான்கு இஞ்சினையும் மாற்றினார்கள். தலைமை மெக்கானிக் அங்கே நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் இறந்தார். மறு ஆண்டு திரும்பிப் போனார்கள். 1995 மே 21-ஆம் தேதி, நான்கு இஞ்சினும் உயிர்பெற்றுச் சுழல, விமானம் பனியில் ஓடத் தொடங்கிய வேளையில், பின்பக்கத்தில் வைத்திருந்த ஒரு சிறு துணை இஞ்சினின் பெட்ரோல் கசிந்து தீப்பிடித்து முழுதும் எரிந்து போயிற்று. இதைப் படித்த அன்று நமக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குண்டு விமானம் எரிந்ததற்காக வருந்துவது முறையா என்று கேட்டால், இறந்துபோன அந்த மெக்கானிக்குக்காகத்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். உண்மை அதுமட்டுமன்று. நின்றுபோன ஒரு யந்திரத்தைக் கையால் தடவி ஓடவைக்கும் வேலையில் ஒரு மோகம் இருக்கிறது. அதை நமது ஆலைப் பிட்டர் அறிவார், செந்தூலில் சம்மட்டி அடித்த பாட்டனார் அறிந்திருப்பார். பட்டறைத் தொழிலாளிதானே அவரும்!

மோகத்துக்கு விலையுமுண்டு. 2022 நவம்பர் 12-ஆம் தேதி டல்லாஸ் நகரில் இதே சங்கத்தாருடைய வேறு இரண்டு பழைய விமானங்கள் நடுவானில் மோதி ஆறு பேர் மாண்டனர்.

புது இஞ்சின்களோடு ஃபிஃபி 2010 ஆகஸ்டு 5-ஆம் தேதி மீண்டும் பறந்தது. பின்னர் ஊர் ஊராய்ச் சென்றது. உள்ளே ஏறிப் பார்க்க ஒரு கட்டணம், பறக்க ஆசனம் வேண்டுமானால் பெருங்கட்டணம்; அந்தப் பணத்தில் மறுபடியும் இஞ்சின் பராமரிப்பு. சம்பளம் வாங்காத தொண்டர்களே பெரும்பாலான வேலையைச் செய்கிறார்கள். இப்படி ஒரு வட்டம். தேரோட்டத்திலும் இதுதானே நடக்கிறது என்று பெரிய கிராணியார் சொன்னார். இம்முறை நாம் மறுக்கவில்லை. அவருடைய தேர்ச் சக்கரத்துக்குப் பணமும் கொடுக்கவில்லை.

அந்த விமானம் கிளம்பும் ஓசையைப் பிடித்து வைத்திருந்த படமொன்று சில மாதங்களுக்குள் கம்ப்யூட்டரில் கிடைத்தது. பாட்டியாரிடம் கேட்டோம், கேட்கப் பிரியமா என்று. வேண்டாமென்பார் என்றே எண்ணினோம். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஓர் இஞ்சின் இருமிப் புகைவிட்டுச் சுழன்றது, பிறகு ஒன்று, பிறகு ஒன்று, நான்கும் சேர்ந்தன. பாட்டியார் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இன்னொருவாட்டி போடு" என்றார். போட்டோம்.

"இது நாலு இஞ்சின். அன்னைக்கு வந்தது எண்ண முடியலே" என்றார். பிறகு, "ஏன் அய்யா, இதைப் பார்க்க வர்ற ஜனங்களுக்கு, கீழே நாங்க இருந்தோம்னு யாராச்சும் சொல்றாங்களா?" என்று கேட்டார்.

தெரியாதென்று சொன்னோம்.

"நீதான் இங்கிலீஷ் படிச்சிருக்கியே, எழுதேன்."

எழுதினோம். ஆபீசு வேலை முடிந்த பிறகு மூன்று மாலை பிடித்தது. கணக்குப் புத்தகத்து ஆங்கிலம் இதற்கு உதவவில்லை. சாக்கடை, தகரக் கூரை, சோற்றுத் தூக்கு, இடக்காது எல்லாவற்றையும் எழுதினோம். குற்றஞ்சாட்டவுமில்லை, மன்னிக்கவுமில்லை, அவை பாட்டியாருக்குரியவை, நமக்கு உரியவையல்ல. விமானத்தை நிறுத்திவிடுங்கள் என்றும் எழுதவில்லை. அது ஓடட்டும், ஓடும் இடத்தில் இதையும் சொல்லுங்கள் என்று கேட்டோம். கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னபோது பாட்டியார் ஒரே ஒரு திருத்தம் செய்தார். பையனுக்கு வயது 14 இல்லை, 13 என்றார்.

பிறகு உள்ளே போய், அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்த சுருக்குப் பையை எடுத்து வந்து 10 வெள்ளி நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். "வெறும் கையோட கடுதாசி போட்டா யார் படிப்பாங்க?" என்றார். நாம் அதோடு 60 வெள்ளி சேர்த்தோம். மறுநாள் பட்டணத்து பாங்கியில் பாரத்தை நிரப்பும்போது, பணம் எந்தக் காரியத்துக்கு என்று கேட்ட இடத்தில் 'இஞ்சினுக்காக' என்று எழுதினோம். குமாஸ்தா முத்திரை குத்தக் கையை ஓங்கியபோது திருப்பி வாங்கி, அதனருகில் 'செந்தூல், 1945' என்றும் சேர்த்து எழுதிக் கொடுத்தோம்.